சைக்கிள் பாதையை வெட்டுவது யார்? மாகரா குன்றும் சம்பளம் வாங்காத கைகளும்

நியூசிலாந்தின் தலைநகரான வெலிங்டனில், கரோரி புறநகரின் வீடுகள் முடியும் இடத்தில் மாகரா சிகரம் எழுகிறது. உயரம் 412 மீட்டர்தான். 1998இல் நகர மன்றம் இந்தக் குன்றில் ஏறத்தாழ 200 ஹெக்டேர் நிலத்தை மலை சைக்கிள் ஓட்டுபவர்களுக்கென ஒதுக்கியது. அப்போது அது மேய்ச்சல் கைவிடப்பட்ட பழைய பண்ணை நிலம். சரிவெங்கும் மஞ்சளாகப் பூக்கும் கோர்ஸ் முட்புதர், முளைத்ததையெல்லாம் கடித்துத் தின்னும் காட்டு ஆடுகள், ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டுப் பெருகிப்போன போசம் விலங்குகள். பாதை என்று பார்த்தால், பண்ணை வண்டிகள் போய்வந்த தடங்களைத் தவிரப் பெரிதாக ஏதுமில்லை.

இன்று அதே குன்றில் 40 கிலோமீட்டர் அளவுக்கு சைக்கிள் பாதைகள் ஓடுகின்றன. மேலேறுபவர்கள் கோரு, சாலி ஆலி, மிஸ்ஸிங் லிங்க், அராட்டிஹி என ஒன்றைத் தொட்டு ஒன்றாகச் செல்லும் பாதைகளில் உச்சியை அடைகிறார்கள். இறங்குவதற்கு வேறு பாதைகள். பள்ளத்தாக்குகளில் உள்நாட்டு மரங்கள் தலைதூக்கிவிட்டன. இவற்றின் பெரும்பகுதிக்கு மாகரா பீக் சப்போர்ட்டர்ஸ் என்ற தன்னார்வக் குழுவின் உழைப்பே காரணம். பூங்கா ஒதுக்கப்பட்ட அதே ஆண்டில் உருவான குழு அது. நிலம் நகர மன்றத்துடையது. மண்வெட்டி பிடித்த கைகளில் பெரும்பாலானவை யாரிடமும் கூலி வாங்காதவை.

அரசுக்குச் சொந்தமான பூங்காவில், அரசு செய்ய வேண்டிய வேலையை, வார இறுதியில் ஓய்வெடுக்க வேண்டியவர்கள் ஏன் செய்கிறார்கள்? பணமில்லாத நகராட்சிகளுக்கு இலவச ஆள்பலம் கிடைக்கிறது என்பது பலரும் சொல்லும் விடை. அந்த விடை மிகவும் குறைபாடானது என்பது என் உறுதியான கருத்து. மலை சைக்கிள் பாதைகளின் வரலாற்றையும், அந்தப் பாதைகள் மண்ணில் எப்படி நிற்கின்றன என்பதையும் அறிந்துகொண்டால் வேறொரு விடை தெரியும்.

தடை போட்ட காலம்

மலை சைக்கிள் என்பது கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், டமால்பயஸ் மலையைச் சுற்றி 1970களில் உருவானது. பருத்த டயர் கொண்ட பழைய சைக்கிள்களை மலையுச்சிக்குத் தள்ளிக்கொண்டு போய், தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய மண்சாலைகளில் இளைஞர்கள் பாய்ந்து இறங்கினார்கள். 1976 அக்டோபரில் தொடங்கிய ரீபேக் பந்தயம் அந்த விளையாட்டின் பிறப்பிடமாகவே கருதப்படுகிறது. இரண்டு மைலுக்குச் சற்றே கூடுதலான தூரத்தில் ஏறத்தாழ 1,300 அடி இறக்கம். இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டும். பந்தயத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், டாம் ரிச்சி, சார்லி கெல்லி ஆகியோர் அந்த வட்டத்திலிருந்து வந்து பின்னாளில் ஒரு தொழிலையே உருவாக்கினார்கள்.

தொழில் வளர்ந்த வேகத்தில் பகையும் வளர்ந்தது. அமைதியாக நடந்துபோகும் ஒருவருக்கு, வளைவு திரும்பியதும் எதிரே பாய்ந்துவரும் சைக்கிள் பெரும் அச்சம் தரும். குதிரை மிரளும், மேலே இருப்பவர் விழுவார். 1980களில் மரின் உட்படக் கலிபோர்னியாவின் பல இடங்களில் ஒற்றையடிப் பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. மலை சைக்கிள் பிறந்த மலையிலேயே வனக்காவலர்கள் ரேடார் கருவியோடு நின்று வேகத்தை அளந்தார்கள். மணிக்கு 15 மைல் என்பது எல்லை.

இந்த நெருக்கடியில்தான் கலிபோர்னியாவின் ஐந்து சைக்கிள் கழகங்கள் சேர்ந்து 1988இல் சர்வதேச மலை சைக்கிள் சங்கத்தைத் தொடங்கின. சுருக்கமாக இம்பா. தடையை எதிர்த்து மனு எழுதியதோடு அவர்கள் நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பாதை பழுதுபார்க்க வருகிறோம் என்று முன்வந்தார்கள். அது வெறும் நல்லெண்ணச் செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆழ்ந்த அரசியல் கணக்கும் அதில் இருந்தது. பூங்கா அதிகாரிக்குப் புகார் கடிதங்கள் எழுதுபவர் பலர். மழைக்குப் பிறகு அரிப்பைச் சரிசெய்ய மண்வெட்டியோடு வருபவர் சிலர். அடுத்த ஆண்டுக்கான திட்டம் பேசும்போது அதிகாரி முதலில் யாரை அழைப்பார் என்பதில் சந்தேகமில்லை. 1997 முதல் இம்பா, பாதை வேலை தெரிந்த இருவர் இருவராக நாடு முழுவதும் காரில் அனுப்பி, உள்ளூர்க் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்தது. எங்கோ ஒரு நகரத்துப் பூங்காவில் நாற்பது பேர் கூடுவார்கள். முதல் நாள் வகுப்பு, மறுநாள் மலையில் வேலை. இன்று உலகின் பல நாடுகளில் தன்னார்வலர்கள் பேசும் பாதைக் கலைச்சொற்களில் பெரும்பாலானவை அந்த வகுப்புகளில் பரவியவை.

நீர்தான் எதிராளி

பாதையைக் கெடுப்பது சைக்கிள் டயர் என்றுதான் எவரும் முதலில் நினைப்பார்கள். டயருக்குப் பங்கு உண்டு. ஆனால் பெரிய அழிவு மழைநீரால் வருகிறது. காலோ சக்கரமோ மண்ணைத் தளர்த்துகிறது, நீர் அதை அள்ளிக்கொண்டு போகிறது. எனவே பாதை வெட்டும் கலையை நீரை நடத்தும் கலை என்றே சொல்லலாம். வயலுக்கு மடை திறந்துவிட்டுப் பழகிய ஒருவருக்கு இந்த வேலையில் பாதியைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

மலையில் ஒரு குடம் நீரைக் கவிழ்த்தால் அது எந்த வழியாக ஓடுமோ, அதே திசையில் பாதை போட்டால் அந்தப் பாதை சில பருவமழைக்குள் ஓடையாகிவிடும். ஆட்டுத்தடத்தையும் பண்ணை வண்டித் தடத்தையும் அப்படியே சைக்கிள் பாதையாக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். அவை குறுக்குவழி தேடி நேர்ச்சரிவில் இறங்குபவை. மாறாக, மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு, மெல்ல ஏறி மெல்ல இறங்கிப் போகும் பாதையில் நீர் ஒரு பக்கத்திலிருந்து வந்து மறுபக்கம் தாண்டிப் போய்விடும். நீளவாக்கில் ஓட அதற்கு இடமிருக்காது.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பாதையின் சாய்வு, அது போகும் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது. மலைச்சரிவு 16 சதவீதம் என்றால் பாதை 8 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது; அதாவது 100 மீட்டர் போனால் 8 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. தாண்டினால் நீருக்குக் குறுக்கே கடப்பதைவிடப் பாதையோடு ஓடுவதே எளிதாகிவிடும். இதோடு, பாதை முழுவதன் சராசரிச் சாய்வு 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பொது வழிகாட்டல். களிமண்ணா, கல்மண்ணா, மழை எவ்வளவு என்பதைப் பொறுத்து இது மாறும். கண்ணளவில் இதைச் சொல்ல முடியாது. சரிவில் நின்றுகொண்டு பார்க்கும்போது 12 சதவீத ஏற்றம் 6 போலத் தெரியும். அதனால்தான் பாதைத் தலைவர்கள் கழுத்தில் சாய்வுமானியைத் தொங்கவிட்டுக்கொண்டு, வண்ண நாடாக்களைக் கட்டியபடி, வெட்டும் வேலை தொடங்குவதற்குப் பல வாரம் முன்பே மலையை ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள். மழை பெய்யும் நாளில் போய்ப் பார்ப்பவர்களும் உண்டு. நீர் எங்கே தேங்குகிறது என்பதை வெயில் நாள் காட்டாது.

சமதளம் எளிதாயிற்றே என்று நினைக்கத் தோன்றும். சமதளம்தான் மிக மோசம். நீருக்கு வெளியேற வழி கிடையாது. குட்டை தேங்கும், ஓட்டுபவர் சேற்றைத் தவிர்க்கப் பக்கவாட்டில் போவார், அடுத்தவர் இன்னும் தள்ளிப் போவார். ஓராண்டில் இரண்டடிப் பாதை பத்தடிச் சேற்றுக்களமாக விரிந்துவிடும்.

சரியான இடத்தில் நாடா கட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது வெட்டு. மேலே கிடக்கும் மக்கிய இலையையும் வேரையும் முழுவதும் வாரி எறிந்து, கெட்டியான அடிமண் தெரியும்வரை போக வேண்டும். மலையின் உடம்பில் படிக்கட்டு போல ஒரு தளம் செதுக்கப்படுகிறது. பாதையின் முழு அகலமும் வெட்டப்பட்ட மண்ணின் மேலேயே அமைய வேண்டும். வெட்டிய மண்ணை வெளி ஓரத்தில் குவித்து அதன்மேல் பாதி அகலத்தை உருவாக்குவது புதியவர்கள் விரும்பும் சுருக்குவழி. அடுத்த குளிர்காலத்தில் அந்த ஓரம் அப்படியே சரிந்து கீழே போகும். வெட்டிய மண் சரிவில் தொலைவாக வீசப்படும். பாதையின் தளம் வெளிப்பக்கமாக 3 முதல் 5 சதவீதம் சாய்க்கப்படும். உட்புறச் சுவர், மேலிருக்கும் சரிவோடு இழைந்து போகும்படிச் சீவப்படும்.

இவ்வளவும் செய்தாலும் ஓரிரு ஆண்டுகளில் சக்கரங்கள் நடுவில் ஒரு பள்ளத்தை அழுத்திவிடும், வெளிச்சாய்வு பயனற்றுப்போகும். அந்த நாளுக்காகவே பாதையில் சிறு சிறு ஏற்ற இறக்கங்கள் முன்கூட்டியே வைக்கப்படுகின்றன. இறங்கிக்கொண்டிருக்கும் பாதை சில அடிகள் மேலேறி மீண்டும் இறங்கும். அந்த மேட்டை நீர் ஏறிக் கடக்க முடியாது, அதற்கு முன்னுள்ள தாழ்வில் வெளியே வடிந்துவிடும். ஆறு முதல் பதினைந்து மீட்டருக்கு ஒன்று என இவை வந்தால் எந்த ஒரு துண்டிலும் நீர் வலுவாகத் திரளாது. ஓட்டுபவருக்கு அது உடலை மேலும் கீழும் ஆட்டும் இன்பம். மண்ணுக்கு அது வடிகால். இரண்டும் ஒரே மேட்டில் கிடைக்கிறது என்பது இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நன்றாக ஓட்டக்கூடிய பாதையும் நன்றாக நிலைக்கும் பாதையும் ஒன்றாகவே அமைய முடியும் என்பதற்கு அது சான்று.

வெலிங்டனின் மண் இந்தப் பாடத்தைக் கடுமையாகவே கற்பிக்கிறது. ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. அடியில் கிரேவாக்கே என்னும் நொறுங்கும் பாறை, மேலே களி. கோடையில் கைக்கு வரும் பாறைத்துகள்கள் சக்கரத்துக்கு நல்ல பிடிப்பு. குளிர்காலத்தில் அதே இடம் சோப்பு தடவியதுபோல வழுக்கும்.

கருவிகளின் கதை

அமெரிக்கக் குழுக்களின் கைகளில் இருக்கும் இரண்டு கருவிகளும் காட்டுத்தீயிலிருந்து வந்தவை. மெக்லவுட் என்பது ஒருபுறம் தடித்த பற்கள் கொண்ட வாருகோல், மறுபுறம் அகன்ற மண்வெட்டி. சியரா தேசியக் காட்டின் வனக்காவலர் மால்கம் மெக்லவுட் 1905இல் அதை வடிவமைத்தார். புலாஸ்கி என்பது ஒருபக்கம் கோடாலி, மறுபக்கம் கொத்தும் அலகு. எட் புலாஸ்கி என்ற வனக்காவலரின் பெயர் அது. 1910 ஆகஸ்டில் ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் இரண்டே நாளில் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர் காட்டைத் தின்ற தீயில், தம்முடைய ஆட்களைக் கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்துக்குள் இட்டுச்சென்று பெரும்பாலோரை உயிரோடு மீட்டவர் அவர். தீயைத் தடுக்கச் சருகையும் வேரையும் அகற்றி வெற்று மண்ணைத் திறப்பதற்கு எது உதவியதோ, அதுவே பாதை திறப்பதற்கும் உதவியது.

கைவேலை மெதுவானது. வேரும் கல்லும் நிறைந்த சரிவில் ஒருவர் நாள் முழுவதும் உழைத்தால் சில மீட்டர் முடியும், அவ்வளவுதான். ஆனால் அந்த மெதுவில் ஒரு பயன் இருக்கிறது. ஒரு வளைவை வெட்டி முடிப்பதற்குள் அந்த இடத்தின் மண்ணும் வேரும் நீரும் வெட்டியவருக்குப் பழகிவிடுகின்றன. மறுமாதம் மழைக்குப் பிறகு அவர் தாமாகவே போய்ப் பார்ப்பார். தாம் வெட்டிய வடிகாலில் இலை அடைத்திருந்தால் காலாலாவது தள்ளிவிட்டுப் போவார். ஒப்பந்தக்காரரிடம் இதை எதிர்பார்க்க முடியாது. அவருடைய வேலை கையொப்பத்தோடு முடிந்துவிடுகிறது.

அனுமதியும் அனுமதியின்மையும்

தன்னார்வலர்கள் பாதை வெட்டினார்கள் என்பது எப்போதும் நல்ல செய்தியாகிவிடாது. யாரையும் கேட்காமல் இரவோடு இரவாகக் காட்டுக்குள் வெட்டப்பட்ட பாதைகளின் வரலாறும் இதே அளவு நீளமானது.

கனடாவின் வான்கூவர் நகரத்துக்கு வடக்கே வடகரை எனப்படும் பகுதியில் ஃப்ரோம், சீமூர், சைப்ரஸ் என மூன்று மலைகள். 1980களிலும் 90களிலும் அங்கே யாரும் அனுமதி தராத பாதைகளைச் சிலர் ஆண்டுக்கணக்கில் தனியாக வெட்டினார்கள். எப்போதும் ஈரமான, வேர்கள் பின்னிய தரை அது. எனவே விழுந்துகிடந்த செடார் மரத்தைப் பிளந்து, சேற்றுக்கும் வேருக்கும் மேலே மரப்பாலங்கள் அமைத்தார்கள். வழுக்காமல் கடக்கச் செய்த ஏற்பாடு, மெல்ல மெல்ல உயரமாகவும் குறுகலாகவும் மாறி, வடகரைப் பாணி என்று உலகமெங்கும் பின்பற்றப்பட்டது. கலையாக அது வியப்புக்குரியது. ஆனால் நிலத்துக்குச் சொந்தக்காரரான மாநகராட்சிக்கு அது தலைவலி: யார் கட்டியது தெரியாது, எந்த ஆணி துருப்பிடித்தது தெரியாது, ஓடைக்குள் எவ்வளவு மண் போகிறது தெரியாது.

1997இல் வடகரை மலை சைக்கிள் சங்கம் உருவானபோது அதன் முன்னால் இருந்த வேலை, இந்தத் தனி மனிதர்களையும் நிலம் வைத்திருக்கும் அமைப்புகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவது. சில பாதைகள் மூடப்பட்டன. சிலவற்றின் மரப்பாலங்கள் பிரிக்கப்பட்டு, பாறையும் மண்ணும் கொண்டு அதே வழி மறுபடி வகுக்கப்பட்டது. பல பாதைகள் அனுமதி பெற்றன. பின்னர் உள்ளூர்க் கடைகளும் நிறுவனங்களும் ஒரு பாதையைத் தத்தெடுத்து, அதன் பராமரிப்புக்குப் பணமும் ஆளும் தரும் திட்டம் வந்தது. பழைய மறைமுக வெட்டுநர்கள் சிலருக்கு இது துரோகமாகத் தோன்றியது. அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் பொது நிலத்தில் ஒருவருடைய ரசனை மட்டும் சட்டமாக முடியாது. ஓடைக்கரையும் கூடுகட்டும் பறவையும் அந்தக் கணக்கில் வர வேண்டும். கேட்காமல் வெட்டுபவருக்கு அந்தக் கணக்கைச் சொல்ல யாரும் இருப்பதில்லை.

இதற்கு நேர்மாறான இரு முயற்சிகளை அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் காணலாம். ஒன்று, நகரின் நடுவே ஐந்தாம் எண் நெடுஞ்சாலையின் பாலத்துக்கு அடியில் உள்ள கொலனேட் பூங்கா. கான்கிரீட் தூண்களுக்கு நடுவே, மாலைக்குப் பிறகு கால்வைக்கத் தயங்கிய சரிவு அது. 1989இல் தொடங்கப்பட்டு இன்று எவர்கிரீன் என்ற பெயரில் இயங்கும் சைக்கிள் சங்கத்தின் தன்னார்வலர்கள் 2000களின் நடுவில் அதைக் கல்லும் மரமும் கொண்டு பயிற்சிக்களமாக்கினார்கள். மழைக்குப் பேர்போன ஊரில் அங்கே மட்டும் மழை விழுவதில்லை. வேறெங்கும் நீரை வெளியேற்றப் பாடுபடும் கூட்டம், இங்கே மண் இறுகுவதற்கு நீரைக் கொண்டுவர வேண்டியிருந்தது. மற்றொன்று, இசக்குவா அருகே கிங் மாவட்டத்தின் டூத்தி ஹில் பூங்கா. 120 ஏக்கர் காட்டை மாவட்ட நிர்வாகமும் அதே சங்கமும் சேர்ந்து திட்டமிட்டு 2010இல் திறந்தன. தொடக்கநிலை ஓட்டுநருக்கு ஒன்று, தேர்ந்தவருக்கு ஒன்று எனப் பாதைகள் தரம்பிரிக்கப்பட்டன. நல்ல பாதை பக்கத்திலேயே அனுமதியோடு கிடைக்கும்போது, திருட்டுத்தனமாக வெட்டும் ஆசை பெரிதும் தணிகிறது. தடைப்பலகை நட்டுப் பார்த்த பல பூங்காக்களால் சாதிக்க முடியாதது இது.

பிரிட்டனிலும் இதே தடம்தான். வேல்ஸ் நாட்டின் கோயட் அ பிரெனின் காட்டில் 1990களில் வனக்காவலர் டாவிட் டேவிஸ் மலை சைக்கிளுக்கென்றே பாதை வகுத்தபோது, தன்னார்வலர்களின் கைகளும் அதில் சேர்ந்தன. பின்னர் அதைப் பார்த்து நாடெங்கும் பாதை மையங்கள் எழுந்தன.

விழுந்தால் யார் பொறுப்பு?

எந்த நகராட்சியிலும் இந்தத் திட்டம் முதலில் முட்டிக்கொள்வது வழக்கறிஞரின் மேசையில்தான். பாதையை வெட்டியவர் ஊழியரல்ல. ஓட்டுபவர் கட்டணம் கட்டுவதில்லை. எலும்பு முறிந்தால் வழக்கு யார்மேல்?

மாகரா போன்ற பூங்காக்கள் நியூசிலாந்தில் செழித்ததற்கு ஒரு முக்கியக் காரணம் சைக்கிளோடு தொடர்பே இல்லாத ஒரு சட்டம். 1974 முதல் அந்த நாட்டில் விபத்துக் காயங்களுக்கு யார் தவறு என்று பாராமல் அரசுக் காப்பீட்டு அமைப்பு சிகிச்சைச் செலவையும் இழந்த சம்பளத்தின் பெரும்பகுதியையும் ஏற்கிறது. அதற்கு ஈடாக, காயத்துக்கு நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுக்கும் உரிமை பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கிறது. நகர மன்றம் அதனால் பொறுப்பற்றுப் போய்விட முடியாது. பணியிடப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மேட்டையும் எதிர்கால வழக்காகப் பார்க்கும் அச்சம் நீங்குகிறது. அமெரிக்காவில் மாநிலங்களின் பொழுதுபோக்கு நிலப் பயன்பாட்டுச் சட்டங்கள், கட்டணம் வாங்காமல் நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளருக்கு ஓரளவு பாதுகாப்புத் தருகின்றன. இத்தகைய சட்டப் பின்புலம் இல்லாத ஊரில் மாகராவை அப்படியே நகலெடுக்க நினைப்பவர்கள், மண்வெட்டி வாங்குவதற்கு முன்பு இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

பணத்துக்கும் தன்னார்வ உழைப்புக்கும் உள்ள தொடர்பு இன்னொன்று. அமெரிக்காவின் கூட்டாட்சி அரசு நடத்தும் பொழுதுபோக்குப் பாதைகள் திட்டம் பொதுவாகச் செலவில் 80 சதவீதம்வரை தரும். மீதியை உள்ளூரில் திரட்ட வேண்டும். தன்னார்வலர்கள் உழைத்த மணிநேரத்துக்கு விலை போட்டு அந்த மீதியில் சேர்க்கலாம். ஆகவே காலையில் வந்தவர் பெயரையும் நேரத்தையும் எழுதிவைக்கும் அந்தச் சலிப்பான பதிவேடு, குழுவின் மிக மதிப்புள்ள ஆவணமாகிறது.

மண்ணுக்கும் உயிருக்கும் என்ன ஆகிறது?

இயற்கை ஆர்வலர்களின் கேள்வி நியாயமானது. காட்டுக்குள் புதிய பாதை எதுவாக இருந்தாலும் அது ஒரு காயம்தான். 1994இல் மொன்டானா மலைப்பாதைகளைப் பற்றி வில்சன், சீனி என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, ஈரப்படுத்திய பாதைகளில் குதிரையும் நடப்பவரும் தளர்த்திய மண் சக்கரங்கள் தளர்த்தியதைவிட அதிகம் என்று கண்டது. சைக்கிள் கழகங்கள் இதை விடாமல் மேற்கோள் காட்டுகின்றன. ஆனால் அதை வைத்துக்கொண்டு சைக்கிளால் கேடே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. ஒரே மணிநேரத்தில் நடப்பவரைவிடப் பல மடங்கு தூரம் சைக்கிள் போகும். பிரேக்கை அழுத்திச் சறுக்கினால் மண் பெயரும். மழை நின்ற மறுநாளே ஓட்டினால் வாரக்கணக்கில் செய்த வேலை பாழாகும். எந்த ஊர்ப் பாதைக் குழுவும் உறுப்பினர்களிடம் மீண்டும் மீண்டும் கெஞ்சுவது இந்த ஒன்றைத்தான்: ஈரத்தில் ஓட்டாதீர்கள்.

மாகராவில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை எனக்கு நம்பிக்கை தருகிறது. பாதை வெட்டியவர்களே மரமும் நட்டார்கள். உள்நாட்டு மரக்கன்றுகள் ஆயிரக்கணக்கில் அந்தச் சரிவுகளில் ஊன்றப்பட்டன. ஆடுகள் அகற்றப்பட்டன, போசம்களுக்கு நஞ்சும் பொறியும் வைக்கப்பட்டன. போசம் பெயிட் லைன் என்றே ஒரு பாதைக்குப் பெயர் இருக்கிறது. கோர்ஸ் புதரும்கூட ஒரு வகையில் உதவியது: அதன் நிழலில் காற்றுப்படாமல் முளைக்கும் உள்நாட்டுக் கன்றுகள் ஒரு நாள் அதைவிட உயர்ந்து, வெயிலை மறைத்து, அதையே சாகடித்துவிடும். எரிக்காமல், உழாமல், பொறுத்திருந்தால் போதும். சற்றுத் தொலைவில் 8.6 கிலோமீட்டர் வேலிக்குள் 225 ஹெக்டேர் பரப்பில் ஜீலாண்டியா பறவைகள் காப்பகம் இருக்கிறது. அங்கே பெருகிய டூயி, காகா பறவைகள் வேலி தாண்டிச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு வரும்போது உட்கார மரமும் உண்ணப் பழமும் வேண்டும். 2022 நவம்பரில் மாகரா பகுதியின் மேற்குக் குன்றுகளில் கிவிப் பறவைகள் விடப்பட்டன. ஸ்டோட் என்ற கீரி போன்ற வேட்டை விலங்கைப் பிடிக்க ஆயிரக்கணக்கான பொறிகளை அமைத்த பின்பே அது முடிந்தது. கிவி நடமாடும் குன்றுகளுக்கு அருகே சைக்கிள் பூங்கா இருப்பதை யாரும் முரண்பாடாகப் பார்க்காத நிலைக்கு அந்த ஊர் வந்திருக்கிறது.

இயந்திரம் வந்த பிறகு

கடந்த இருபது ஆண்டுகளில் சிறிய மண் தோண்டும் இயந்திரங்கள் இந்தத் துறைக்குள் நுழைந்தன. வளைவில் மண்ணை உயர்த்திக் கரைகட்டி, சக்கரம் வேகம் குறையாமல் திரும்பும்படி அமைக்கும் அகலமான பாதைகளை இயந்திரம் இல்லாமல் கட்டுவது கடினம். தொழில்முறைப் பாதை நிறுவனங்கள் வளர்ந்துவிட்டன. ஆர்கன்சாவின் பென்டன்வில் நகரில் வால்மார்ட் நிறுவனரின் வாரிசுகளுடைய அறக்கட்டளை பணத்தைக் கொட்டியதால், சிறிய ஊர் ஒன்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பாதைகள் விரைவில் எழுந்தன. தன்னார்வலர்கள் ஒரு தலைமுறையில் செய்வதைப் பணம் சில ஆண்டுகளில் செய்துகாட்டியது.

இதனால் தன்னார்வலர்கள் தேவையற்றுப் போவார்களா? நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் அவர்களுடைய வேலை மாறுகிறது. இயந்திரம் பாதையைத் திறந்துவிட்டுப் போய்விடும். அதன் பிறகு இலையுதிர்காலந்தோறும் வடிகாலைத் திறப்பதும், விழுந்த மரத்தை அறுப்பதும், குழிந்த தளத்தை நிரப்புவதும், குறுக்குவழி போட்டவர்களின் தடத்தில் கிளைகளைப் போட்டு மூடுவதும் முடிவில்லாத வேலைகள். திறப்பு விழாவுக்கு நாடா வெட்ட அரசியல்வாதி வருவார், படம் வரும், நிதி வரும். வடிகால் திறப்பதற்கு நிதி கேட்டால் எந்த அறக்கட்டளையும் முகம்கொடுப்பதில்லை. குழுக்களிலும் இதே சாய்வு உண்டு: புதிய பாதை வெட்டும் நாளில் கூட்டம் நிரம்பும், பராமரிப்பு நாளில் வழக்கமான அந்தச் சில நரைத்த தலைகள் மட்டும் வரும். இன்று மின்சார சைக்கிள்கள், ஏற முடியாதவர்களையும் ஒரே நாளில் பலமுறை உச்சிக்குக் கொண்டுபோகின்றன. பாதையின் மேல் சுமை கூடுகிறது, மண்வெட்டி பிடிப்பவர் எண்ணிக்கை அதே வேகத்தில் கூடுவதில்லை.

இலவச ஆள்பலம் என்ற பார்வை இங்கேதான் தோற்கிறது. தன்னார்வ உழைப்பு இலவசமல்ல. கருவி, கல், காப்பீடு, முதலுதவிப் பயிற்சி எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். எல்லாவற்றையும்விட, எந்தச் சனிக்கிழமை எந்த வளைவில் யார் என்ன செய்வது என்று திட்டமிட்டு, புதியவரை வரவேற்று, முடிந்ததும் நன்றி சொல்லும் ஓர் ஆள் வேண்டும். பல குழுக்கள் கலைந்துபோவது மண்வெட்டி இல்லாமல் அல்ல; அந்த ஒருவர் களைத்துப்போவதால். ஒரு நகராட்சி புதிய பாதைக்கு அனுமதி தரும்போதே, அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அந்த ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தையும், பழைய பாதைகளின் பராமரிப்புச் செலவையும் வரவுசெலவுத் திட்டத்தில் தனிச் செலவினமாக எழுதிவிட வேண்டும். அதற்குப் பணம் இல்லையென்றால், புதிய பாதையின் நீளத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது.